குப்புறப் படுத்த பெயர்

ஜெராக்ஸ் கடை எனக்கு.
காரைக்குடி, நூறடி ரோடு.
ஒரு நாளைக்கு முப்பது ஆர்.சி.யாவது
என் கண்ணாடியில் குப்புறப் படுக்கும்.
"பேர் மாத்தியாச்சா?" என்று கேட்காமல்
யாரையும் அனுப்பியதில்லை.

என் ஆம்னியை விற்றபோது மட்டும்
கேட்கவில்லை.

கல்லல் சேவுகன் வந்தார்.
பின்கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.
தொண்ணூற்றைந்தாயிரம்,
எல்லாம் இருநூறு ரூபாய்த் தாள்.
புரோக்கர் பிரிட்டோ நீட்டிய படிவங்களில்
தேதி போடாமல் கையெழுத்துப் போட்டேன்.
"ஒரு வாரத்துல மாத்திருவாகக்கா."
சாவி போயிற்று.
பெயர் போகவில்லை.

ஆடியில் வந்தது முதல் செய்தி.
திருப்பத்தூர் ரவுண்டானா, சீட் பெல்ட் இல்லை, ஆயிரம் ரூபாய்.
படத்தில் என் வண்டி.
டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில்
ஒரு வெள்ளாடு
கேமராவைப் பார்த்தபடி.

பிரிட்டோ போனை எடுக்கவில்லை.
சேவுகன் எடுத்தார்.
"நாளைக்கே மாத்திருவோம் ஆத்தா."
கல்லல் பக்கம் நாளை என்பது
எத்தனை மாசம் என்று
நான் விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

புரட்டாசியில்
மதுரை பனகல் சாலை, வண்டி நிறுத்தக் கூடாத இடம்,
இரவு இரண்டு நாற்பது.
ஐப்பசியில் அதே சாலை, அதே இடம்,
அடுத்தடுத்து மூன்று இரவு.
வக்கீல் நோட்டீஸுக்குத் தாள் எடுத்து வைத்தேன்.
என் கடையில் தாளுக்கா பஞ்சம்?
பெரியாஸ்பத்திரி வாசலில்
அந்த நேரத்தில் யார் ஆடு இறக்குவார்கள் என்று
எனக்குத் தோன்றவே இல்லை.

கார்த்திகையில் பாம்பன் பாலம்.
நடுப்பாலத்தில் நிறுத்தியதற்கு ஐநூறு.
ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும் பக்கம்.
பக்கக் கதவு திறந்து கிடக்கிறது.
கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு பெண்,
தலை ஈரம்,
அத்தனை கடல் இருக்க
வண்டியைப் பார்த்து நிற்கிறாள்.

அந்த அபராதத்தை நானே கட்டினேன்.
நோட்டீஸுக்கு எடுத்த தாளில்
யாருடைய ஆதாரோ அச்சாகிப் போயிற்று.

தை பிறந்து, ஒரு திங்கட்கிழமை, கூட்டம்.
"இது அஞ்சு காப்பிக்கா. இதுலயும் அஞ்சு."
முதலில் இறப்புச் சான்றிதழ்.
சேவுகன், வயது ஐம்பத்தெட்டு.
அடுத்து அட்டை.
திருப்பி வைக்கப் போனவள் படித்தேன்:
உமையாள், செக்காலை ரோடு.
ஒளி நகர்ந்து போனது
என் பெயருக்கு அடியில்.

"இவுக யாருன்னு தெரியலைக்கா.
அப்பா இருக்கும்போதே கேட்டிருக்கணும்.
இவுக கையெழுத்து இல்லாம
ஒண்ணும் நடக்காதுங்குறாக."

பத்து நகலையும் எண்ணி அடுக்கினேன்.
காசுக்கு நீட்டிய கையைப் பார்த்தேன்.
"நான்தான்" என்றேன்.
அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மறுபடி அட்டையை.
போலீஸ்காரர்கள் பார்ப்பது போல.

விற்ற வண்டியை இரண்டாம் முறை விற்க
ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனோம்.
வாங்கியவர் செத்துப் போனதற்கு அங்கே கட்டமில்லை.
அவர் வாங்கவே இல்லை, காகிதப்படி.
ஆடு இல்லை, மதுரை இல்லை, பாலம் இல்லை.
நேராக என்னிடமிருந்து அழகுநாச்சிக்கு.

"எவ்வளவுக்குக் குடுத்தீங்க?"
குமாஸ்தா நிமிரவில்லை.
தொண்ணூற்றைந்தாயிரம் என்று எழுதினேன்.
இவள் கையால் பெற்றுக்கொண்டதாக.
இந்த முறை தேதி போட்டேன்.

பாக்கி அபராதங்களை அவள் கட்டினாள்,
மஞ்சள் பையிலிருந்து எண்ணி எண்ணி.
ஆட்டுக்கானதை மட்டும் நான் விடவில்லை.
அந்தப் படம் என் போனில்தான் இருக்கிறது.

ஓ.டி.பி. எனக்கு வரும் என்றார்கள்.
வந்தது. ஆறு எண்.
அவள் விசைப்பலகை மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு
காத்திருந்தாள்.
ஒவ்வொன்றாகப் படித்தேன்,
நாலு, பூஜ்யம், நாலு, ஒன்பது, ரெண்டு...

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில்
வண்டி நின்றது.
பின்கண்ணாடியில் நான் ஒட்டிய
கடை ஸ்டிக்கர், பாதி கிழிந்து.

"அக்கா?"

"ஏழு" என்றேன்.